அறிக்கை வரும்வரை நான்கு இரவுகள்



திருவண்ணாமலை என்றதும் பலருக்குக் கிரிவலம் நடக்கும் வடமாவட்ட நகரமே நினைவுக்கு வரும். நாம் குடியிருப்பது அந்த ஊர் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், ஒரு சிறு குன்றையும் அதன் மேல் சீனிவாசப் பெருமாள் கோயிலையும் கொண்ட சிற்றூர் இது. சென்ற புரட்டாசியில், ரபீஉல் அவ்வல் முடியும் நாள்களில், மதுரை மருத்துவமனை ஒன்றில் நம் பெயரைப் பதிந்த பெண்மணி, ஊர்ப் பெயரைக் கேட்டதும், "அவ்வளவு தூரத்துல இருந்தா வர்றீங்க?" என்று வியந்தார். இரண்டு மணி நேரப் பயணம்தான் என்று விளக்கக்கூட அன்று நமக்கு வாய் எழவில்லை. நெஞ்சைப் பற்றிய அச்சம் நாவையும் கட்டிவிட்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மக்தபில் இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறோம். தவக்குல் என்றால் என்ன, ஸப்ர் என்றால் என்ன, கதரை நம்புவது எப்படி என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். அந்தப் பாடங்களையெல்லாம் நடத்திய அதே மனிதர், ஒரு மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருந்த நான்கு இரவுகளில் உறக்கமின்றிப் புரண்டார். அதை மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதே நிலையில் இன்று காத்திருக்கும் ஒருவருக்கேனும் இது பயன்படுமானால் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்.

ஒரு புதன்கிழமை காலை

ஃபஜ்ருக்குப் பின் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவன் ஸூரத்துல் முல்க்கை ஓதிக் காட்டினான். அவன் வசனத்தின் முடிவில் நிறுத்தியபோது நம் நெஞ்சும் ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு ஓங்கி அடித்ததுபோல் இருந்தது. இடப்பக்கத்தில் ஒரு பாரம். கைகள் குளிர்ந்தன. பெரிய மாணவனிடம் பாடத்தை ஒப்படைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அமர்ந்தோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அது முதல் முறை அன்று. இரண்டு மாதங்களாகவே அவ்வப்போது அந்தத் துடிப்பு தவறுதல் இருந்தது. வீட்டாரிடம் சொல்லவில்லை. மருத்துவரிடமும் செல்லவில்லை. அதற்குத் தவக்குல் என்று நமக்கு நாமே பெயர் சூட்டிக்கொண்டோம். அது தவக்குல் அன்று, தெரிந்துகொள்ள அஞ்சியதே காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

உள்ளூர் மருத்துவர் உடனே இ.சி.ஜி. எடுத்தார். சிறிது நேரம் கழித்து மீண்டும் எடுத்தார். மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் இ.சி.ஜி. சரியாகவே தெரியலாம், ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது என்றார். மாரடைப்பில் இதயத் தசை சேதமுற்றால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற பொருளையும் சோதித்தார். மாலையில், "இது மாரடைப்பு இல்ல பாய். ஆனா துடிப்பு நடுநடுவுல தவறுது, பிரஷரும் கூட இருக்கு. மதுரைக்குப் போயி எக்கோ, டிரெட்மில், ஹோல்டர் மூணையும் பாத்துட்டு வந்துருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. நெஞ்சில் அழுத்தும் வலி, அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் இக்கட்டுரையை மூடிவிட்டு 108ஐ அழையுங்கள். பொறுமை காட்டும் நேரம் அதுவன்று. "வாயுவாக இருக்கும்" என்று சோடா குடித்துக் காத்திருந்தவர்களுடைய ஜனாஸாக்களை நாம் தொழவைத்திருக்கிறோம்.

கல்லுப்பட்டிச் சாலை

வியாழன் விடியலில் நாமும் வீட்டாரும் மதுரைக்குப் புறப்பட்டோம். கிருஷ்ணன்கோவில், அழகாபுரி கடந்து பேருந்து கல்லுப்பட்டியை நெருங்கியபோது நாம் சன்னலுக்கு வெளியே பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம்.

1996இல் இதே சாலையில், ஒரு வாடகைக் காரின் பின்னிருக்கையில், நம் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த அத்தா கல்லுப்பட்டியைத் தாண்டுமுன் வஃபாத்தானார்கள். அவர்களுக்கு அப்போது 48 வயது. மஃரிபு தொழுதுவிட்டு வந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார்கள். தமிழ்நாட்டில் 108 வண்டி வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. கார் கிடைக்கவே ஒரு மணி நேரமாயிற்று. அன்று நமக்கு வயது 18. ஷஹாதாவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் நா எழாமல் "அத்தா, அத்தா" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்களே கலிமாவைச் சொல்லிக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது நமக்கு 46. வீட்டார் கணக்குப் போட்டிருப்பார்கள் போலும். கல்லுப்பட்டி வந்ததும் ஒன்றும் பேசாமல் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நம் கையில் கொடுத்தார்கள்.

திரையில் தெரிந்த இதயம்

எக்கோ என்பது ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தபடி, வாழ்வில் முதன்முறையாக நம் இதயத்தைக் கண்டோம். கைமுட்டி அளவே உள்ள அந்தத் தசை, வால்வுகள் என்னும் மெல்லிய கதவுகளைத் திறந்தும் மூடியும், யாருடைய கட்டளையையோ கேட்டு நடப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை அது துடிக்கிறது. அதில் ஒரு துடிப்பைக்கூட நாம் துடிக்கவைத்ததில்லை. ஸுப்ஹானல்லாஹ் என்று நா தானே சொன்னது.

பிறகு திரையில் சிவப்பும் நீலமும் பாய்ந்தன. நீலம் என்றால் கெட்ட இரத்தமோ என்று உள்ளம் பதைத்தது. சோதிப்பவரின் முகத்தையே பார்த்தோம். அவர் ஓரிடத்தில் நிறுத்தி மூன்று முறை அளந்தார். "ஏதாவது இருக்கா?" என்றோம். "டாக்டர் சொல்வாங்க" என்றார். அவர்மீது பிழையில்லை, அதுவே அவர்களுக்குள்ள விதி. ஆனால் படுத்திருப்பவனுக்கு அந்த மௌனம் ஒரு தீர்ப்பைப்போல் கேட்கிறது. அந்த நிறங்கள் இரத்தம் சோதனைக் கருவியை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பதை மட்டுமே காட்டுகின்றன என்று பின்னர் அறிந்தோம். நல்லது கெட்டது என்ற பொருள் அவற்றுக்கு இல்லை.

அடுத்து டிரெட்மில். ஓடும் பட்டையின்மீது நடக்க வேண்டும். மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220இலிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணில் 85 விழுக்காட்டை இலக்காக வைக்கிறார்கள். நமக்கு அது 148 துடிப்பு. அந்த எண்ணை எட்டியபோது கால்கள் தளர்ந்தன. தாளைப் புரட்டிய மருத்துவர், "ஒரு இடத்துல கொஞ்சம் சந்தேகமா இருக்கு. ஹோல்டரும் வரட்டும், திங்கக்கிழமை எல்லாத்தையும் சேத்துப் பாப்போம். தேவைப்பட்டா ஆஞ்சியோ" என்றார்.

அவர் சொன்ன மற்றவையெல்லாம் மறந்துபோயின. "சந்தேகம்", "ஆஞ்சியோ" என்ற இரண்டு சொற்கள் மட்டும் நம்மோடு வெளியே வந்தன.

ஒரு நாள் கணக்கு

ஹோல்டர் என்பது மார்பில் ஒட்டும் வில்லைகளையும் இடுப்பில் தொங்கும் சிறு பெட்டியையும் கொண்ட கருவி. 24 மணி நேரத் துடிப்பையும் அது பதிவு செய்கிறது. அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் முதலில் அமைத்த கருவியை முதுகில் மூட்டைபோல் சுமக்க வேண்டியிருந்ததாம், எடை முப்பது கிலோவுக்கும் மேல். இன்று அது உள்ளங்கை அளவு. குளிக்கக் கூடாது என்றார்கள். உளூவில் மார்பு நனைவதில்லை என்பதால் தொழுகைக்கு இடையூறில்லை.

அன்றிரவு மதுரையில் மச்சான் வீட்டில் தங்கினோம். கருவியோடு ஒரு தாளும் தந்திருந்தார்கள். எந்நேரம் என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று எழுத வேண்டும். "8.40 இஷா. 10.15 படுக்கை. 11.30 படபடப்பு. 1.10 படபடப்பு. 2.05 எழுந்து அமர்ந்தேன்." எழுத எழுத உடல் சிலிர்த்தது. ஒரு நாள் துடிப்பை ஒரு பெட்டி பதிவு செய்கிறது என்பதற்கே இவ்வளவு கவனமாக இருக்கிறோமே! 46 ஆண்டுகளாக வலத்திலும் இடத்திலும் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் கிராமன் காதிபீன் வானவர்களின் ஏட்டை எத்தனை இரவுகள் நினைத்திருக்கிறோம்?

வெள்ளிக்கிழமை காலை கருவியைக் கழற்றினார்கள். காஜிமார் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு ஊர் திரும்பினோம். பையில் எக்கோ அறிக்கை இருந்தது. விளக்கம் சொல்ல வேண்டிய மருத்துவரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும்.

அறுபத்திரண்டு மதிப்பெண்

அன்றிரவு செய்யக் கூடாததைச் செய்தோம். வீட்டார் உறங்கிய பின் அந்த அறிக்கையைப் பிரித்து, கைப்பேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினோம். இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 62 விழுக்காடு என்றிருந்தது. ஆசிரியர் கண்ணுக்கு அது மதிப்பெண்ணாகவே பட்டது. நூற்றுக்கு அறுபத்திரண்டு! மீதி முப்பத்தெட்டு எங்கே போயிற்று? மைட்ரல் வால்வில் அற்பக் கசிவு என்றிருந்தது. இடக் கீழறையின் சுவர் சற்றே தடித்திருக்கிறது என்றிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தொட்டால் ஒரு நோய் திறந்தது, அந்த நோயைத் தொட்டால் ஒரு மரணம் திறந்தது. மூன்று மணிக்கு நம் துடிப்பை நாமே விரலால் எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ண எண்ண அது விரைந்தது.

உண்மை என்னவெனில், எந்த நல்ல இதயமும் தன்னுள் நிரம்பிய இரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளித்தள்ளுவதில்லை. பாதிக்குச் சற்று மேல் தள்ளினாலே அது இயல்பு. 62 என்பது குறையே இல்லை. வால்வின் அற்பக் கசிவு நலமுள்ள பலரிடமும் காணப்படுவது. இதையெல்லாம் திங்கட்கிழமை மருத்துவர் ஒரே நிமிடத்தில் சொன்னார். அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருக்க மாட்டாமல் மூன்று இரவுகளை எரித்திருந்தோம்.

சனிக்கிழமை நம் ஊரில் திருவிழாக் கூட்டம். புரட்டாசிச் சனி என்பதால் விடியலுக்கு முன்பே சுற்று வட்டார மக்கள் குன்றேறத் தொடங்கியிருந்தார்கள். அடிவாரத்தில் பூ விற்கும் அக்கா நம்மைக் கண்டதும், "மதுரைக்குப் போனீங்களாமே பாய், ஒண்ணும் இருக்காது, நானும் வேண்டிக்கிறேன்" என்றார். அந்த நல்ல உள்ளத்துக்கு அல்லாஹ் நலம் அருள வேண்டும் என்று நாமும் வேண்டிக்கொண்டோம். நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்த உறவினர் சிலர் வேறுவிதம். இராஜபாளையத்தில் ஒருவர் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தபோதே விழுந்தார் என்று தொடங்கி, மூன்று மரணங்களைச் சொல்லித் தேநீர் அருந்திவிட்டுச் சென்றார்கள். நோயாளியைக் காணச் செல்வது நபிவழி. அங்கே நம்பிக்கையான சொல்லைச் சொல்வதும் நபிவழியே. இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம்.

மூஸா நபியின் தாயார்

அன்று அஸருக்குப் பின் மக்தபுக்குச் சென்றோம். கதைப் பாடத்தில் மூஸா (அலை) அவர்களின் பிறப்பு வந்தது. பலமுறை சொன்ன கதை. தாயார் குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டார்கள் என்றதும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"ஹஜ்ரத், அல்லாஹ்தான் பயப்படாத, பிள்ளையத் திருப்பித் தந்துருவேன்னு சொல்லிட்டானே. அப்புறமும் அவங்க பயந்தாங்களா?"

பதில் சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றது. அந்த அன்னையின் உள்ளத்தைப் பற்றி ஸூரத்துல் கஸஸின் பத்தாம் வசனத்தில் வரும் சொல் 'ஃபாரிக்'. வெறுமையானது என்று பொருள். குழந்தையைத் தவிர வேறெதுவும் தங்காமல் உள்ளம் காலியாகிவிட்டது என விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கே அவர்கள் வந்துவிட்டார்கள். இத்தனைக்கும் அதே அத்தியாயத்தின் ஏழாம் வசனத்தில், அஞ்ச வேண்டாம், கவலையுற வேண்டாம் என்ற ஆறுதலும் குழந்தை திரும்பக் கிடைக்கும் என்ற வாக்குறுதியும் அவர்களுக்குக் கிடைத்திருந்தன. அந்த வாக்குறுதி பெற்ற உள்ளமே வெறுமையானதென்றால், வாக்குறுதி எதுவும் பெறாத நம் உள்ளம் எம்மாத்திரம்!

இன்னும் கவனியுங்கள். அல்லாஹ் அந்த அன்னையைக் கண்டிக்கவில்லை. அவர்களுடைய ஈமான் குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை. அவர்களின் உள்ளத்தை அவன் கட்டி உறுதிப்படுத்தினான் என்றே வருகிறது. 'ரபத்னா' என்ற அச்சொல்லுக்குக் கட்டுதல் என்பதே மூலப்பொருள். அடுத்த வசனத்தில் அந்த அன்னை என்ன செய்கிறார்கள்? மகளை அனுப்பிப் பேழை எங்கே செல்கிறது என்று பார்த்துவரச் சொல்கிறார்கள். அச்சமும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது, செயலும் இருந்தது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்ற பொருளில் அமைந்த நபிமொழி திர்மிதியில் உண்டு. பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வது அது. அன்று அதன் மறுபாதியைக் கற்றுக்கொண்டோம். ஒட்டகத்தைக் கட்டுவது நம் வேலை. உள்ளத்தைக் கட்டுவது அவன் வேலை. நாமோ இரண்டு மாதங்கள் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு, பிறகு மூன்று இரவுகள் உள்ளத்தை நாமே கட்ட முயன்றுகொண்டிருந்தோம்.

"பயந்தாங்கம்மா. ஆனா பயத்தோடயே அல்லாஹ்வ நம்புனாங்க" என்றோம் அச்சிறுமியிடம். அவள் தலையசைத்து அமர்ந்தாள். அந்தப் பதில் அவளுக்குச் சொன்னதா, நமக்குச் சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை.

முன்னோர் காட்டிய வழி

அன்றிரவு கைப்பேசியை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிதாபுகளைத் திறந்தோம்.

அபூதாவூதின் மருத்துவப் பாடத்தில் ஒரு செய்தி. ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் காணச் சென்று, அவருடைய மார்பில் கைவைத்துப் பார்த்து, அவருக்கு இருப்பது இதய நோய் எனக் கூறி, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு அறிவுறுத்தினார்கள், மதீனாவின் அஜ்வா பேரீச்சம்பழம் ஏழையும் குறிப்பிட்டார்கள் என்று அது கூறுகிறது. இதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் அறிஞர்களுக்குக் கருத்து உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஹாரிஸ் இஸ்லாத்தைத் தழுவினாரா என்பதிலேயே வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். ஆயினும் துறையறிந்தவரிடம் செல்வது மார்க்கத்துக்கு அந்நியமன்று என்பதற்கு நம் அறிஞர்கள் இச்செய்தியையும் எடுத்தாண்டுள்ளனர்.

இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று முதலில் எழுதியவர் இப்னு நஃபீஸ் (ரஹ்). இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்ற கிரேக்க மருத்துவர் கேலனின் கருத்தை அவர் மறுத்தார். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டம் பற்றிய நூலை வெளியிட்டது 1628இல். இப்னு நஃபீஸ் மறைந்ததோ 1288இல். அந்த மருத்துவர் கெய்ரோவின் மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹும் கற்பித்த ஆசிரியர். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு இதயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது என அந்த நள்ளிரவிலும் சிரிப்பு வந்தது.

அவருக்கும் முன்னர், 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து ஒரே நூல் எழுதினார். அதில் கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பாடங்கள் உண்டு. நோய் வருமுன்பே வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, உள்ளம் அமைதியாக இருக்கும் நாளில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்து, கலங்கும் நாளில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. அவ்விரவு நம் சேமிப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். அத்தா கடைசியாகச் சொன்ன கலிமா இருந்தது. 28 ஆண்டுகளாக அந்தக் காரை மரணத்தின் நினைவாகவே சுமந்து வந்திருந்தோம். ஓர் அடியான் தன் இறைவனை நோக்கி நல்ல முடிவோடு சென்ற பயணமாக அதைக் கண்டது அன்றுதான்.

கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் காவல் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். அதில் வரும் 'ஹம்மு' வரவிருப்பதைப் பற்றியது, 'ஹஸன்' நடந்து முடிந்ததைப் பற்றியது என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டுவார்கள். நமக்கு இரண்டும் ஒன்றாய்ப் பிணைந்திருந்தன. கல்லுப்பட்டிச் சாலையின் துயரமே திங்கட்கிழமையின் கவலையாக உருமாறியிருந்தது. அது தெரிந்ததும் பாதி இறங்கியது. மூச்சை நீட்டி, மத்துகளை நிறைவாக இழுத்து, நிதானமாக ஓதினோம். அன்று மூன்று மணி நேரம் உறங்கினோம்.

இரண்டு பவுன்

ஞாயிற்றுக்கிழமை ஒரு குறிப்பேட்டை எடுத்து வஸிய்யத் எழுத அமர்ந்தோம். மரண சாசனத்துக்குரிய பொருள் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதை நாம் எத்தனை முறை பயானில் சொல்லியிருப்போம்! 46 ஆண்டுகளில் ஒரு வரி எழுதியதில்லை.

மக்தபின் கட்டணக் கணக்கு, நம்மிடம் உள்ள அமானிதம், மளிகைக் கடைப் பாக்கி, ஒரு நண்பரிடம் வாங்கிய கைமாற்று என வரிசையாக எழுதினோம். பிறகு பேனா நின்றது. நிகாஹ் தஃப்தரில் எழுதிய மஹர் மூன்று பவுன். கொடுத்தது ஒன்று. இரண்டு பவுன் 22 ஆண்டுகளாகக் கடன். ஷஹீதுக்கும் மன்னிக்கப்படாதது கடன் என்று ஊருக்குச் சொல்லியவன், சொந்த வீட்டில் கடனாளியாக அமர்ந்திருந்தோம்.

வீட்டாரை அழைத்துச் சொன்னோம். இரண்டு மாதங்களாகத் துடிப்பு தவறியதை மறைத்ததையும் சேர்த்துச் சொன்னோம். முதலில் கோபித்தார்கள். "எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவீங்க?" என்று அழுதார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பவுன மொத்தமாக் குடுத்துட்டு எங்க போகப் போறீங்க? மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமாச் சேத்துக் குடுங்க. கடன அடைக்கவாச்சும் கொஞ்ச வருசம் இருக்கணும்ல" என்றார்கள்.

நான்கு நாள்களில் முதன்முறையாக இருவரும் சிரித்தோம். நான்காம் இரவில் அறிக்கை மாறிவிடவில்லை, ஆஞ்சியோ என்ற சொல்லும் அகலவில்லை. ஆயினும் தனியே சுமந்ததை இருவர் சுமந்தோம். ஃபஜ்ர் வரை உறங்கினோம்.

திங்கட்கிழமை

மருத்துவர் எல்லாத் தாள்களையும் பரப்பி வைத்துப் பார்த்தார். துடிப்பு தவறியது கூடுதல் துடிப்புகள். எண்ணிக்கை குறைவு, ஆபத்தான வகை இல்லை. டிரெட்மில்லில் சந்தேகித்த இடம் அடைப்பைக் காட்டவில்லை, இப்போதைக்கு ஆஞ்சியோ தேவையில்லை. ஆனால் இரத்த அழுத்தம் நெடுநாளாகவே கூடியிருந்திருக்கிறது, அதனால்தான் சுவர் தடித்திருக்கிறது. கொழுப்பும் கூடுதல். தந்தையார் இளவயதில் இறந்ததைக் கேட்டதும் அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இத முதல்லயே சொல்லணும் பாய். ரெண்டு மாசம் ஏன் சும்மா இருந்தீங்க?" என்றார்.

தினமும் மாத்திரை, உப்பைக் குறைத்தல், நாற்பது நிமிட நடை, தேநீர் இரண்டோடு நிறுத்தம், மூன்று மாதத்தில் மீண்டும் சோதனை. முற்றிலும் நலம் என்ற தீர்ப்பு கிடைக்கவில்லை. கவனமாக இரு என்ற அவகாசம் கிடைத்தது. திரும்பும் வழியில் கல்லுப்பட்டி வந்தபோது சன்னலைத் திறந்து வைத்து, அத்தாவுக்காக ஃபாத்திஹா ஓதினோம்.

அடுத்த சோதனைக்கு முந்திய இரவிலும் உறக்கம் வரவில்லை. அச்சம் மீண்டும் வந்தது. ஆனால் அது வந்ததற்காக நம்மை நாமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. மந்திரவாதிகளின் முன் நின்ற மூஸா (அலை) அவர்கள் தம் மனத்துள் அச்சத்தை உணர்ந்ததை ஸூரத்துத் தாஹா பதிந்து வைத்திருக்கிறது. அழகிய பொறுமைக்குப் பெயர்பெற்ற யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போயின. அவர்கள் தம் கவலையை முறையிட்ட இடம்தான் நமக்குப் பாடம்.

எனவே காத்திருக்கும் சகோதரரே, சகோதரியே, சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். அறிக்கையை நள்ளிரவில் தனியே படிக்காதீர்கள். கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் ஒருவரிடமேனும் உண்மையைச் சொல்லுங்கள். காத்திருக்கும் நாளில் ஒரு கடனையாவது தீர்க்கப் பாருங்கள். வாரக்கணக்கில் அச்சம் நீங்காமல் உணவையும் உறக்கத்தையும் பறித்தால் அதற்கும் மருத்துவர் உண்டு, அவரிடம் செல்வதில் வெட்கமில்லை.

நம் வீட்டு அலமாரியில் ஒரு சிறு தகரப் பெட்டி இருக்கிறது. மாதச் சம்பளம் வந்ததும் அதில் கொஞ்சம் போடுகிறோம். இதுவரை ஒரு கிராமுக்குக் கூட முழுமையாகச் சேரவில்லை. தங்கத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. வீட்டார் அவ்வப்போது பெட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் நிறைய நாள் இருக்கு" என்கிறார்கள்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு நிவாரணம் அருள்வாயாக. முடிவுக்காகக் காத்திருப்போரின் உள்ளங்களை உன் அருளால் கட்டி உறுதிப்படுத்துவாயாக. எங்களுக்கு முன் சென்ற பெற்றோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக. கடன்களைத் தீர்க்கும்வரை அவகாசமும், தீர்க்கும் வசதியும், அழகிய முடிவும் தருவாயாக. ஆமீன்.